கன்னிகா கடித்த மாங்காய்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி பஜாரில் கன்னிகாவின் டிசைன் கடைக்குள் போய், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்த சூரர் யாராவது உண்டா? இருந்தால் அவருக்கு மாலையே போடலாம். அவள்தான் பிடுங்க விடமாட்டாளே! வெளியே பைக்கை அணைக்காமல் நிறுத்திவிட்டு, தறி சும்மா நிற்கிறது, சீக்கிரம் கொடு என்று குதிக்கிறவரையும் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்லுவாள். டிசைன் பென் டிரைவில் ஏறினதும் திரையின் வலது பக்கம், கீழ் மூலைக்குப் போவாள். கடிகாரத்துக்குப் பக்கத்தில், டிக் போட்ட ஒரு குட்டிப் படம் அங்கே இருக்கும். அதை அமுக்கினால், இனி எடுத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரே எழுதிக் காட்டும். அது காட்டின பிறகுதான் பென் டிரைவ் அவள் கையை விட்டு வெளியே வரும்.

"வூட்டுக்கு வந்த ஜனம் சொல்லாம கொள்ளாம எழுந்து போனா நல்லாவா கீது? இதுவும் சொல்லிக்கினுதான் போவணும்" என்பாள்.

இதற்காகவே ஊரில் அவளை ஓட்டுவார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் பேசாமல் எழுந்து நடந்தால், கன்னிகா பார்த்தால் விடமாட்டாள், சொல்லிக்கினு போடா என்று சிரிப்பார்கள். அவள் காதுக்கும் அது வரும். வந்தால் என்ன, அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த பென் டிரைவைச் செருகுவாள்.

இந்த ஊர்த் தறிகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். விசைத்தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டு என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். எந்த நூல் மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அதுதான். முன்னே அதற்கு ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட வேண்டும். இப்போது பென் டிரைவைச் செருகினால் போதும், டிசைனைப் படித்துக்கொண்டு தறி தடதடவென்று நெய்யும். பென் டிரைவில் டிசைன் முழுதாக ஏறியிருந்தால் பூவும் முழுதாக வரும். கம்ப்யூட்டர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால், எழுதின வரைக்கும்தான் பூ. கம்ப்யூட்டரும் லேசுப்பட்டது இல்லை. வேலை முடிந்துவிட்ட மாதிரி வெளியே காட்டிவிட்டு, உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்.

கன்னிகா பக்கத்து ஏகாம்பரகுப்பத்தில் பிறந்தவள். இண்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்த கையோடு புத்தூரில் ஒரு கடைக்கு அட்டையில் ஓட்டை குத்தும் வேலைக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மற்றவர்கள் வேலை போய்விடுமோ என்று ஓரமாக நின்று முறைத்தார்கள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அட்டைக் கட்டைத் தூக்கித் தூக்கித் தோள் விட்டுப்போயிருந்தது, இனி அந்தப் பாடு இல்லை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணம் ஆகி நகரிக்கு வந்ததும் சொந்தமாகக் கடை போட்டாள். வீட்டுக்காரன் எழிலரசன் நகரிக்கும் புத்தூருக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு வாய் நிற்காது, இவளுக்கு வாய் திறக்காது. அப்படி ஒரு பொருத்தம்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. ஒரு கல்யாண வீட்டுப் போட்டோவை போனில் காட்டி, அந்த அம்மா கட்டியிருக்கிற சேலையின் பார்டர் வேண்டும் என்று கேட்டால், போட்டோவில் மடிப்புக்குள் போன பூவையும் மனசாலேயே விரித்து வரைந்து கொடுத்துவிடுவாள். அவள் கொடுத்த டிசைனில் ஒரு இழை தப்பியது என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பேர்தான் அவளுடைய கடை. மற்றபடி அங்கே இருப்பது ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அந்த ஸ்டூல், அவ்வளவுதான்.

அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது.

ஏகாம்பரகுப்பத்தில் வேங்கடாசலம் என்று ஒரு தறிக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் பேசுகிறோமே என்று பார்க்கமாட்டார். அவர் மனைவி ஜெயம்மா. மகள் தரணி திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனபோது, வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டரை ஜெயம்மா மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டாள். கன்னிகா மெயிலில் அனுப்பும் டிசைனை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, தறிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது என்றுகூடச் சொல்லலாம்.

ஏன் அப்படி என்றால், இன்னொரு பெருமையை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், பூட்டினால், வீட்டுப் பெண் கற்பூரம் காட்டித்தான் முதல் இழை ஓடவேண்டும். போன வருஷம் ஜெயம்மா காட்டிய அன்றைக்கே பார்த்து மோட்டார் புகைந்துவிட்டது. வேங்கடாசலம் வந்திருந்த ஜனத்துக்கு முன்னாலேயே, "உன் கை ராசி அப்டி. இனிமே நீ கிட்ட வராத" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு டிசைன் கொண்டுவந்த கன்னிகாவும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஜெயம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போன மாதிரி யாரும் போகக்கூடாது என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றியது. அதற்கப்புறம் ஒவ்வொரு புதுப் பாவுக்கும் எதிர்வீட்டு ரத்னம்மாதான் வந்து கற்பூரம் காட்டுகிறாள். ஜெயம்மா கதவோரம் நின்று பார்ப்பாள்.

விஷயத்துக்கு வருவோம். திருப்பதியில் ரமணா என்கிறவர் சேலைக்கடை வைத்திருக்கிறார். கல்யாண சீசனுக்காக மாங்காய் புட்டா, அதாவது உடம்பெல்லாம் மாங்காய்ப் பூ, போட்ட சேலைகள் வேண்டும் என்று வேங்கடாசலத்திடம் சொல்லியிருந்தார். டிசைன் கன்னிகாவுடையது. வேங்கடாசலத்தின் தறியில் சேலை முகம் கீழே பார்த்தபடி நெய்யும். மேலே தெரிவது பிசிறு மண்டிய முதுகுப் பக்கம். பூ எப்படி விழுந்திருக்கிறது என்று அறுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அவசரத்தில் அதையும் செய்யாமல் மடித்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். ரமணா கடையில் வைத்து ஒன்றைப் பிரித்தார். மாங்காய் எல்லாம் பாதி பாதியாக நின்றது. மேல் பாதி இருக்கிறது, கீழ் பாதி வெறும் துணி.

"ஈ மாமிடிகாயலு எவரு கொரிகேரய்யா?" என்று கேட்டிருக்கிறார் ரமணா. இந்த மாங்காயை எல்லாம் யாரய்யா கடித்தது என்று. பணம் வாங்கப் போய் எதிரில் நின்ற வேங்கடாசலத்துக்கு மானம் போயிற்று. எங்கள் டிசைன்காரி செய்த வேலை என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு பஸ் ஏறி நகரிக்கு வருவதற்குள் 'கன்னிகா கடித்த மாங்காய்' என்று ஆகிவிட்டது. டீக்கடைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்!

கன்னிகா தன் கம்ப்யூட்டரில் அந்த டிசைனைத் திறந்து பார்த்தாள். மாங்காய் முழுசாக, காம்போடு, நுனி வளைவோடு இருந்தது. மறுபடி அனுப்பினாள். அது சரியாக வந்தது. அதற்கு அடுத்த டிசைன் மறுபடியும் பாதியில் நின்றது. சில தடவை நன்றாக வருகிறது, சில தடவை கெட்டுப்போகிறது. நன்றாக வந்தால் தறியின் பேர், கெட்டுப்போனால் கன்னிகாவின் பேர். வேங்கடாசலத்தின் தெருவிலேயே தறி வைத்திருந்த சிவசங்கரனும் அவர் தம்பி சந்துருவும் இனி டிசைனைத் திருப்பதியிலேயே செய்துகொள்ளலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். அது காதில் விழுந்த அன்றைக்குக் கன்னிகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் ஜெயம்மாவுக்குப் போன் போட்டாள். பென் டிரைவை எடுக்கும்போது அந்த டிக் படத்தை அமுக்கிவிட்டுத்தானே எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜெயம்மா, அந்தப் படமே எங்கள் கம்ப்யூட்டரில் இல்லையே என்றாள். முன்னே இருந்தது, ஆயுத பூஜைக்குப் புது மானிட்டர் வாங்கினோம், அதிலிருந்து காணோம். சரி, கடிகாரத்துக்குப் பக்கத்தில் பாருங்கள் அக்கா என்றால், கடிகாரமும் இல்லை என்கிறாள். கன்னிகாவுக்கு இது புரியவில்லை. மானிட்டரை மாற்றினதற்கும் படம் காணாமல் போவதற்கும் என்ன சம்பந்தம்?

வேறு வழி ஒன்று இருந்தது, அதையும் சொல்லிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் டிரைவ்கள் வரிசையாக இருக்கும் இடத்துக்குப் போய், பென் டிரைவின் மேல் வலது பட்டனை அமுக்கி, வெளியேற்று என்கிறதைத் தேர்ந்தெடுத்தாலும் அதே வேலைதான். ஜெயம்மா கொஞ்ச நாள் அப்படிச் செய்தாள். பிறகு தறி நிற்கிறது என்று வேங்கடாசலம் வாசலிலிருந்து கத்தினால் பதறிப்போய்ப் பிடுங்கிக் கொடுத்துவிடுவாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? தினமும் செய்யவேண்டிய வேலை என்றால் அது கண் எதிரில் நிற்கவேண்டும், தேடிப் போய்ச் செய்கிற எதையும் மனுஷன் மறந்துவிடுவான் என்று கன்னிகாவுக்குத் தெரியும். எப்படியாவது அந்தப் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தாள். கன்னிகா முடிவு செய்தால் செய்ததுதான்.

இங்கிருந்தே அங்கிருக்கும் கம்ப்யூட்டரைப் பார்க்கிற வசதி இப்போது இருக்கிறதே, அதில் நுழைந்தாள். ஜெயம்மாவின் திரை அப்படியே கன்னிகாவின் திரையில் வந்தது. பென் டிரைவைச் செருகச் சொன்னாள். பார்த்தால், கடிகாரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் சின்ன அம்புக்குறி. அதை அமுக்கினால் ஒரு குட்டிப் பெட்டி திறந்தது, அதற்குள்ளே டிக் படம் ஒளிந்துகொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று கன்னிகா சிரித்துவிட்டாள். டாஸ்க்பார் செட்டிங்கில் போய், அந்தப் படம் எப்போதும் வெளியே தெரியும்படி மாற்றினாள். படம் வந்து கடிகாரத்துக்குப் பக்கத்தில் சமர்த்தாக நின்றது.

"இப்போ பாருங்க அக்கா, வந்துட்ச்சு."

"எங்க? ஒண்ணும் இல்லியே" என்றாள் ஜெயம்மா.

கன்னிகா மவுஸை நகர்த்தி, அம்பை அந்தப் படத்தின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். இப்போது தெரிகிறதா என்றாள். அம்பும் காணாமல் போய்விட்டது என்றாள் ஜெயம்மா. என் கண்ணுக்குத் தெரிகிறதே அக்கா என்று இவள் சொல்ல, எனக்குத் தெரியவில்லையே என்று அவள் சொல்ல, ஒரே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள். நடுவில் வேங்கடாசலம் போனைப் பிடுங்கினார். "இல்லாதத இருக்குதுன்னு சொல்லி யார ஏமாத்தற? மாங்காவையும் இப்டித்தான் முழுசா போட்டேன்னு சொன்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கன்னிகா போனை மேசையில் போட்டாள். டிசைன் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஏமாற்றுக்காரி என்று யாரும் இதுவரை அவளைச் சொன்னதில்லை. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏகாம்பரகுப்பத்துக்குக் கிளம்பிவிட்டாள். நேரில் பார்த்து, தப்பு என்னுடையது இல்லை என்று அந்த மனுஷன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவது என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அங்கே போனால் பஞ்சாயத்தே கூடியிருந்தது. வேங்கடாசலம் சாட்சிக்கு என்று சிவசங்கரனையும் சந்துருவையும் வரவழைத்து உட்கார வைத்திருந்தார். ஜெயம்மா கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கன்னிகா திரையைப் பார்த்தாள்.

வலது பக்கம் கீழ் மூலையில் ஏழுமலையான் நின்றுகொண்டிருந்தார்.

கார் கண்ணாடியில் ஒட்டுகிற பெரிய அளவு ஸ்டிக்கர். திருமலைக்குப் போனபோது வாங்கியது. பழைய மானிட்டருக்குச் சட்டம் அகலமாக இருந்தது, அதில் ஒட்டியிருந்த சின்னச் சாமி சட்டத்திலேயே அடங்கிவிட்டார். புது மானிட்டருக்குச் சட்டம் என்று பேருக்கு ஒரு கோடுதான். ஆயுத பூஜை அன்றைக்கு ஜெயம்மா பக்தியாக அதே மூலையில் புது ஸ்டிக்கர் ஒட்டினாள். சாமி சட்டத்தைத் தாண்டித் திரைக்குள்ளே வந்துவிட்டார். வெள்ளிக்கு வெள்ளி சந்தனமும் குங்குமமும் வேறு. கடிகாரம், அம்புக்குறி, டிக் படம் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. கன்னிகா தூரத்திலிருந்து பார்த்தபோது கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பது தெரிந்ததே தவிர, கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிற சாமி எப்படித் தெரிவார்? மூலையில் பார் மூலையில் பார் என்று சொன்னபோதெல்லாம் ஜெயம்மாவும் பார்த்தாள், சாமிக்கு இந்தப் பக்கம் வரை. அவளுக்கு அந்தத் திரை சாமியோடு முடிந்துவிட்டது. அந்த வீட்டில் இத்தனை பேர் இருந்து ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் கும்பிடுகிற இடத்தை யார் சந்தேகமாகப் பார்ப்பார்கள்?

கன்னிகாவுக்கு முதலில் சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பெரிய நிம்மதி. தப்பு டிசைனில் இல்லை. அந்த மூலையை ஒரு விரலால் காட்டினால் போதும், இத்தனை நாள் ஊர் சிரித்த சிரிப்புக்கெல்லாம் முடிவு கட்டிவிடலாம், அதுவும் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டே. விரலைத் தூக்கவும் தூக்கினாள்.

அப்போதுதான் ஜெயம்மாவைப் பார்த்தாள். கன்னிகாவின் கண் போன இடத்துக்கே அவள் கண்ணும் போயிருந்தது. அவளுக்கும் விளங்கிவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, கன்னிகாவையே பார்த்தாள். சொல்லாதே என்று கேட்கவில்லை. கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்து என்ன நடக்கும் என்று கன்னிகாவுக்குத் தெரியாதா? மோட்டார் புகைந்ததற்கே கை ராசி என்றவர், சாமியை ஒட்டின கையால்தான் இத்தனை சேலையும் வீணாயிற்று என்றால் சும்மா விடுவாரா? இதோ இந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் மதியத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டர் பக்கமும் வராதே என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன மிச்சம்? கன்னிகா தூக்கின விரலை மடக்கிக்கொண்டாள். தன் பேரும் முக்கியம்தான், மனசு அடித்துக்கொண்டதும் உண்மைதான். ஆனாலும் மடக்கிக்கொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்டிக்கரைத் தொடவே இல்லை. திரையின் அடியில் நீளமாகக் கிடந்த டாஸ்க்பாரைப் பூட்டு நீக்கி, மவுஸால் பிடித்து மேலே இழுத்தாள். பட்டை முழுசும் ஒரு நொடியில் திரையின் உச்சிக்குப் போய் உட்கார்ந்தது. இப்போது கடிகாரம் மேலே வலது மூலையில், அதன் பக்கத்தில் டிக் படம். பளிச்சென்று தெரிந்தது. சாமியும் தன் இடத்தை விட்டு நகரவில்லை.

ஜெயம்மாவை உட்கார வைத்து, நீங்களே எடுங்கள் அக்கா என்றாள். ஜெயம்மா படத்தை அமுக்கினாள். எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்து வந்தது. பென் டிரைவை எடுத்தாள். அதைத் தறியில் செருகி ஓட்டி, அறுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். மாங்காய் முழுசாக இருந்தது.

என்னதான் கோளாறு என்று கேட்டார் வேங்கடாசலம்.

"படம் கீழ மறைஞ்சிருந்திச்சுண்ணா. மேல கொண்டாந்து வெச்சிட்டேன்" என்றாள் கன்னிகா.

"அப்போ செட்டிங்க நீதான் மொதல்ல சரியா வெக்கல."

கன்னிகா அறுத்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "நான் முன்னாடியே நேர்ல வந்து பாத்திருக்கணும்ணா" என்றாள். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. எழுந்து, போயிட்டு வரேன் அக்கா என்று ஜெயம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

ஊர் என்ன சொல்லும்? அவளே ஒத்துக்கொண்டாள் என்றுதான் சொன்னது. சிவசங்கரனும் சந்துருவும் டிசைனுக்குத் திருப்பதிக்கே போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். கடையில் ஸ்டூல் காலியாகக் கிடந்த நாட்கள் உண்டு. எழிலரசன் என்னடி நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டான். அவனிடமும் மூச்சு விடவில்லை. அவனிடம் சொன்னால் அன்றைக்கே ஷேர் ஆட்டோவில் புத்தூர் வரைக்கும் போய்விடும் என்று தெரியாதவளா? ஒன்று மட்டும் செய்தாள். அதற்கப்புறம் யாராவது படம் காணோம் என்று போன் செய்தால், முதலில் மானிட்டரை எதிரில் நின்று போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று கேட்கலாம். இருக்கிறாளே, என்ன செய்ய?

ஜெயம்மாவுக்கும் தூக்கம் இல்லை. தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள், டிசைனை ஏற்றுவாள், மேல் மூலையில் படத்தை அமுக்குவாள். அமுக்கும்போதெல்லாம் கன்னிகாவின் முகம் வந்து நிற்கும். அவள் ஏற்றிக் கொடுத்ததில் ஒரு பூகூட அதற்கப்புறம் தப்பவில்லை. ரமணாவே போன் செய்து மறுபடி நெய்து அனுப்பச் சொன்னார். மாசியில் அதற்காகப் புதுப் பாவு பூட்டினார்கள். கன்னிகாவைக் கூப்பிட வேண்டும் என்று ஜெயம்மா ஒற்றைக் காலில் நின்றாள். சரி வந்துவிட்டுப் போகட்டும் என்றார் வேங்கடாசலம்.

அன்றைக்குத் தறிக்கொட்டகை நிறையத் தெரு ஜனம். பாவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாகிவிட்டது. டிசைன் ஏறின பென் டிரைவைச் செருகியாகிவிட்டது. ரத்னம்மா கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தாள். ஓரமாக நின்றிருந்த கன்னிகாவைப் பார்த்து வேங்கடாசலம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே, மாங்காயைக் கடித்தாலும் வந்து ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டாள், அதுவரைக்கும் நல்லவள்தான் என்றார். சிவசங்கரன் சிரித்தார். இன்னும் சிலரும் சிரித்தார்கள். கன்னிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

கதவோரம் நின்றிருந்த ஜெயம்மா உள்ளே வந்தாள்.

"தப்பு அவளுது இல்ல" என்றாள். "கம்ப்யூட்டர்ல சாமி ஸ்டிக்கர் ஒட்னது நான். அது அந்தப் படத்த மறைச்சிக்கினு இருந்திச்சு. படம் தெரியாம நான்தான் அப்டியே புடுங்கிப் புடுங்கிக் குடுத்தேன். டிசைன்ல ஒண்ணும் இல்ல. இவ அன்னிக்கே பாத்துட்டா. பாத்துட்டும் வாயத் தொறக்கல."

வேங்கடாசலத்தின் முகம் கறுத்தது. கத்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ வீட்டுக்குள் போனார். போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார் போலிருக்கிறது. திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தபோது மனுஷன் குரலே இறங்கியிருந்தது.

"தெனம் காலைல அந்த சாமியத் தொட்டுக் கண்ல ஒத்திக்கினுதான் நான் தறிக்கு வரேன்" என்றார். "என் கண்ணுக்கும்தானே தெரில."

பிறகு கன்னிகா பக்கம் திரும்பி, "நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டார்.

கன்னிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"சொல்லியிருந்தா அக்கா கையப் பத்தி இன்னொரு தபா பேசியிருப்பீங்கண்ணா."

அந்த வார்த்தை அவருக்கு எங்கே போய்த் தைத்ததோ, தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சிவசங்கரன் தரையைப் பார்த்தார். ரத்னம்மா பெரிய மனுஷி, யாரும் சொல்லாமலேயே தட்டை நீட்டினாள். வேங்கடாசலம் அதை இரண்டு கையாலும் வாங்கி ஜெயம்மாவிடம் கொடுத்தார்.

"நீ காட்டு" என்றார்.

ஜெயம்மா கற்பூரத்தை ஏற்றினாள். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது, மூன்றாவதில் பற்றிக்கொண்டது. பாவுக்குக் காட்டினாள், தறிக்குக் காட்டினாள். தட்டைத் திருப்பிக்கொண்டு ஜனத்தின் பக்கம் வந்தபோது யார் முதலில் கையை நீட்டுவது என்று ஒரு கணம் எல்லோரும் தயங்கினார்கள். கன்னிகா முன்னால் வந்து இரண்டு கையையும் அந்தச் சுடரின் மேல் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேங்கடாசலம் தறியைப் போட்டார்.